பிரசவ வார்டில் ஆன்டிபயாடிக்: எதை முதலில் பார்ப்பது, எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது

லேபர் ரூமுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களும் பயிற்சி டாக்டர்களும் மருந்தின் பெயரையும் டோஸையும் நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். தடுமாறுவது வரிசையில்தான். ரத்தம் எடுத்துவிட்டு ஊசியா, ஊசி போட்டுவிட்டு ரத்தமா? மணியை எங்கே எழுதுவது? மூன்றாம் நாளும் அந்த மருந்து ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யார் கேட்பது? இந்த வழிகாட்டி அந்த வரிசைக்காக எழுதியது. சில இடங்களில் டோஸ் சொல்லியிருக்கிறேன், ஆனால் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையும் ஆர்டர் எழுதும் டாக்டரும் சொல்வதே இறுதி. கர்ப்பிணிகளோ குடும்பத்தாரோ இதைப் படித்தால், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும். மாத்திரை வாங்க இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து விவரங்கள் இல்லாமல் சிரிஞ்சைத் தொடாதீர்கள்: கர்ப்பம் எத்தனை வாரம், உடல் எடை, அலர்ஜி விவரம், பனிக்குடம் உடைந்ததா (உடைந்திருந்தால் எத்தனை மணிக்கு), இந்தக் கர்ப்பத்தில் எடுத்த கல்ச்சர் (மாதிரியில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் எல்லாம். ஜென்டாமைசின் வரும் என்று தோன்றினால் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) வேண்டும்.

இதில் எடையைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். சிசேரியனுக்கு முன் செஃபசோலின் பொதுவாக 2 கிராம், 120 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் 3 கிராம் என்று பல நெறிமுறைகள் சொல்கின்றன. ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி. என்று கணக்கு. எடை தெரியாமல் இதில் எதையும் சரியாகப் போட முடியாது. எழுதியிருப்பது எந்த மாதத்து எடை என்றும் பாருங்கள், மூன்றாம் மாதத்தில் பார்த்த எடையை வைத்து ஒன்பதாம் மாதத்தில் டோஸ் போடுவது புதிதல்ல.

2. தடுப்பதற்கா, குணப்படுத்தவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே மருந்து இரண்டு வேலைக்கும் வரும் என்பதால்தான் இங்கே குழப்பம். வராமல் தடுக்கக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே டோஸ், அல்லது பிரசவம் முடியும் வரை மட்டும். வந்த தொற்றைக் குணப்படுத்தக் கொடுப்பதற்கு நாள் கணக்கு உண்டு, கல்ச்சர் உண்டு, இடையில் மறுபரிசீலனையும் உண்டு.

ஆர்டரில் எது என்று எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். 'சிசேரியன் தடுப்பு, ஒரு டோஸ்' என்று எழுதியிருந்தால் அது ஒரு டோஸோடு நிற்கும். வெறும் மருந்துப் பெயர் மட்டும் இருந்தால் அடுத்த டியூட்டிக்காரர் எட்டு மணி நேரம் கழித்து இன்னொன்று போடுவார், அதற்கடுத்தவரும் போடுவார். ஐந்து நாள் கழித்து யாரைக் கேட்டாலும் காரணம் தெரியாது.

3. அலர்ஜியைத் தோண்டிக் கேளுங்கள்

பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அலர்ஜி இருக்காது. ஆகவே 'அலர்ஜி இருக்கா?' என்று கேட்டு ஆமாம் என்றதும் சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

நான் கேட்பது இப்படி: "எந்த மருந்தும்மா? எந்த வயசில? போட்டு எவ்வளவு நேரத்தில என்ன ஆச்சு? தடிப்பு வந்துச்சா, முகம் வீங்குச்சா, மூச்சு அடைச்சுதா? அப்புறம் அதே மருந்தை எப்பவாவது திரும்ப எடுத்தீங்களா?" ஒருமுறை ஒரு பெண்ணின் ஃபைலில் மூன்று இடத்தில் அலர்ஜி என்று இருந்தது. உட்கார்ந்து பேசினால், சின்ன வயதில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு வாந்தி எடுத்ததாம், அவ்வளவுதான். போன வருடம் பல்லுக்கு அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், பென்சிலின் வகையை விட்டு விலகினால் கிடைக்கும் மாற்று மருந்துகள் பல நேரம் வேலையிலும் மட்டம், பக்க விளைவிலும் மோசம். ஆனால் மூச்சுத்திணறல், முகவீக்கம், ரத்த அழுத்தம் சரிவு, உடனே எழும்பிய தடிப்பு இவற்றில் ஒன்று இருந்திருந்தால் அது நிஜ எச்சரிக்கை, டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

4. சிறுநீர் மாதிரியை ஒழுங்காக எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

கர்ப்ப காலத்தில் எரிச்சல், வலி எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி வளர்ந்திருக்கலாம். மற்றவர்களுக்கு இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கர்ப்பிணிக்குக் கண்டுகொள்ள வேண்டும், ஏனென்றால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து விரிந்திருப்பதால் கிருமி எளிதாகச் சிறுநீரகம் வரை ஏறும், அங்கே தொற்றினால் குளிர்காய்ச்சலோடு அட்மிஷன்தான், குறைப்பிரசவ ஆபத்தும் கூடுகிறது. அதனால் ஆரம்ப மாதங்களிலேயே ஒரு கல்ச்சர் அனுப்புகிறார்கள்.

பாட்டிலைக் கையில் கொடுத்து 'யூரின் பிடிச்சுட்டு வாங்க' என்றால் வருவது பாதி நேரம் குப்பை ரிப்போர்ட். சொல்ல வேண்டியது இது: கையைக் கழுவுங்கள், மூடியைத் திறந்து உள்பக்கத்தைத் தொடாமல் வையுங்கள், ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டே முதலில் வருவதை வெளியே விடுங்கள், நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள், கடைசியை மறுபடி வெளியே விடுங்கள். முதல் சிறுநீர் தோலிலும் வாயிலிலும் இருக்கும் கிருமிகளை அடித்துக்கொண்டு வருவதால்தான் அதை விடச் சொல்கிறோம்.

மாதிரி அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. கிடந்தால் உள்ளே கிருமி பெருகிக்கொண்டே போய், எண்ணிக்கை பொய்யாக ஏறிவிடும். உடனே அனுப்ப முடியாது என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

ரிப்போர்ட்டில் ஒரே வகைக் கிருமி, மில்லிக்கு 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால் பெரும்பாலும் எடுத்த விதம்தான் தப்பு, மருந்து தொடங்காமல் மறுபடி எடுங்கள்.

5. மாத்திரையைக் கர்ப்ப வாரத்தோடு ஒட்டிப் பாருங்கள்

சிறுநீர்க் கல்ச்சரில் அதிகம் வளர்வது ஈ.கோலை என்ற குடல் கிருமி. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கும், ஆனால் அந்தப் பட்டியலை எழுதிய லேபுக்கு இவர் கர்ப்பிணி என்று தெரியாமல் இருக்கலாம். பட்டியலில் முதலில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அதனால்தான்.

டிரைமெத்தோப்ரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும், முதல் மூன்று மாதத்தில் தவிர்ப்பார்கள். நைட்ரோஃபியூரன்டாயின் நடு மாதங்களில் நல்ல மருந்து, பிரசவம் நெருங்கிய வாரங்களில் வேண்டாம், குழந்தையின் சிவப்பணுக்கள் சிதைய வாய்ப்பு உண்டு. சல்ஃபா வகையும் கடைசி வாரங்களில் ஆகாது, மஞ்சள்காமாலைப் பிரச்சினை. டெட்ராசைக்ளின் வகை குழந்தையின் பல்லில் கறையாகும். சிப்ரோஃப்ளாக்சசின் வகையை வேறு வழி இருக்கும்போது தொடுவதில்லை. செஃபலெக்சின், அமாக்சிசிலின் போன்றவை எல்லா மாதத்திலும் பழகியவை, கிருமி அதற்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவே.

இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். முதுகுப்புறம் வலி, நடுக்கம், காய்ச்சல் என்று வந்தவருக்கும் நைட்ரோஃபியூரன்டாயினையே தொடர்வது. அது சிறுநீர்ப்பையில் வேலை செய்யும், சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு சேராது. இவருக்கு நரம்பு வழி மருந்தும் அட்மிஷனும்தான்.

அறிகுறி இல்லாத கிருமிக்கு உலக சுகாதார நிறுவனம் 7 நாள் சொல்கிறது. முடிந்த பிறகு ஓரிரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் எடுத்துப் போய்விட்டதா என்று பாருங்கள். இந்த மறு கல்ச்சர் தேதியை அன்றைக்கே அட்டையில் எழுதிவிடுங்கள், அப்புறம் என்று விட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

6. பனிக்குடம் உடைந்ததாகச் சொல்லி வந்தால்

முதலில் மணி. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டதும் காலையில் என்பார்கள். குளிச்சதுக்கு முன்னாடியா பின்னாடியா, சாப்பிட்டதுக்கு அப்புறமா என்று பிடித்துப் பிடித்து ஒரு மணியை வாங்குங்கள். பின்னால் குழந்தை டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அடுத்து, உண்மையிலேயே உடைந்ததா என்று கிருமி நீக்கிய ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். பிரசவ வலி இல்லாதபோது விரல் விட்டு உள்பரிசோதனை செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் கீழே இருக்கும் கிருமியை மேலே கொண்டுபோய் விடுகிறீர்கள்.

37 வாரத்துக்கு முன் உடைந்திருந்தால் ஆன்டிபயாடிக் உண்டு. பரவலாக உள்ள ஒரு முறை எரித்ரோமைசின் 250 மி.கி. நாளுக்கு நான்கு வேளை, 10 நாள் அல்லது பிரசவம் வரை. இங்கே கோ-அமாக்சிக்ளாவ் (அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது) வேண்டாம். 2001-இல் வெளிவந்த ஆரக்கிள் என்ற பெரிய மருந்தாய்வில், அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளிடம் குடல் அழுகும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

பனிக்குடம் உடையவில்லை, குறைமாத வலி மட்டும், தொற்றுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றால் 'எதற்கும் ஒன்று போட்டு வைப்போம்' என்று கொடுக்கக் கூடாது. இதே ஆய்வுத் தொடரின் இன்னொரு பகுதியில் அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தபோது, மருந்து கொடுத்த பிரிவில் மூளைவாதம் சற்று அதிகமாகவே இருந்தது. உடைந்ததா என்று உறுதிசெய்வதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

7. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: நான்கு மணி நேரக் கணக்கு

இந்தக் கிருமி தாய்க்குப் பெரும்பாலும் தொல்லை தராமல் குடலிலும் பிறப்புறுப்பிலும் இருக்கும். பிறக்கும்போது குழந்தைக்குப் போனால் முதல் வாரத்திலேயே ரத்தத் தொற்று, நிமோனியா வரலாம். சில நாடுகளில் 36, 37-ஆம் வாரத்தில் எல்லோருக்கும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் மாதிரி) எடுக்கிறார்கள், சில நாடுகளில் ஆபத்துக் காரணிகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உங்கள் இடத்து முறை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்வாப் எடுப்பதானால் யோனியின் கீழ்ப்பகுதியிலும் மலவாயிலும் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் இருப்பவரையும் இல்லை என்று காட்டிவிடும். பென்சிலின் அலர்ஜி உறுதி என்றால் அதைப் படிவத்தில் எழுதுங்கள், அப்போதுதான் மாற்று மருந்தான கிளிண்டாமைசினுக்கும் கிருமி கட்டுப்படுகிறதா என்று லேப் சோதிக்கும்.

பாசிட்டிவ் வந்ததும் மாத்திரை கொடுத்து அனுப்புவதுதான் இங்கே பெரிய தவறு. இன்று போகும் கிருமி பிரசவத்துக்குள் திரும்பி வந்துவிடும். மருந்து பிரசவ வலியின்போது, நரம்பு வழியாக: பென்சிலின் ஜி முதலில் 50 லட்சம் யூனிட், பிறகு பிரசவம் வரை 4 மணிக்கொருமுறை 25 முதல் 30 லட்சம், அல்லது ஆம்பிசிலின் 2 கிராம், பிறகு 4 மணிக்கொருமுறை 1 கிராம். இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் இதே கிருமி வந்திருந்தாலோ, முந்தைய குழந்தைக்கு இந்த நோய் வந்திருந்தாலோ ஸ்வாப்புக்குக் காத்திருக்காமலே கொடுப்பார்கள்.

முதல் டோஸுக்கும் குழந்தை பிறந்ததற்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருந்தால் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு என்று கணக்கு. ஆகவே வலியோடு உள்ளே வந்தவருக்கு ட்ரிப் போட்டதும் முதல் வேலை இது. ஆனால் 4 மணி நேரம் ஆகட்டும் என்று தேவையான பிரசவத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வலியும் இல்லை, பனிக்குடமும் உடையவில்லை, நேராகத் திட்டமிட்ட சிசேரியன் என்றால் இந்தக் கிருமிக்கென்று தனியாகக் கொடுக்கத் தேவையில்லை, சிசேரியன் தடுப்பு டோஸ் மட்டும் போதும்.

சின்ன விஷயம் ஒன்று. ஆம்பிசிலினைக் கரைத்தபின் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு வீரியம் குறைந்துகொண்டே போகும். இரவு டியூட்டியில் நான்கு பேருக்கும் சேர்த்துக் கரைத்து ட்ரேயில் வரிசையாக வைத்திருந்த சிரிஞ்சுகளை நானே ஒருநாள் கொட்ட வைத்தேன்.

8. பிரசவ நேரத்தில் காய்ச்சல்

38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டு அடுத்த முறை பார்ப்போம் என்று நகராதீர்கள். தாயின் நாடி, குழந்தையின் இதயத் துடிப்பு 160-ஐத் தாண்டுகிறதா, பனிக்குட நீரில் சீழோ நாற்றமோ உண்டா, வயிறு தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். முதுகில் எபிடியூரல் (வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி) போட்டிருந்தாலும் வெப்பம் ஏறும் என்பது உண்மை, ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தொற்றைத் தவறவிடுவது அதைவிட ஆபத்து. வெள்ளை அணு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், பிரசவ வலியிலும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகும் அது தானாகவே ஏறும்.

பனிக்குடத் தொற்று என்று டாக்டர் முடிவெடுத்தால் ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மருந்து. குழந்தை பிறந்ததும் பார்க்கலாம் என்று தள்ளினால் தாய்க்கும் நஷ்டம், குழந்தைக்கும் நஷ்டம். ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்து வரும் ஜோடி. இரண்டையும் ஒரே சிரிஞ்சிலோ பாட்டிலிலோ கலக்கக் கூடாது, ஒன்று மற்றதைச் செயலிழக்கச் செய்யும். ஒன்று முடிந்ததும் லைனை சலைனால் அலசிவிட்டு அடுத்தது.

9. சிசேரியன்: கத்தி தோலில் படும் முன்

தோலை வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் உள்ளே போயிருக்க வேண்டும். வெட்டும் நேரத்தில் திசுவில் மருந்து இருந்தால்தான் கிருமி ஒட்ட இடமில்லாமல் போகும். தொப்புள்கொடியைக் கட்டிய பிறகு கொடுப்பது பழைய வழக்கம், இன்னும் சிலர் கை அப்படியே போகும்.

நடைமுறையில் சிக்கல் என்னவென்றால், வார்டில் போட்டு அனுப்புகிறார்கள், தியேட்டர் தாமதமாகிறது, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெட்டுகிறார்கள். அதனால் தியேட்டருக்குள்ளேயே, வெட்டும் முன் எல்லோரும் நின்று சரிபார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் 'ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு?' என்று சத்தமாகக் கேளுங்கள். வலி வந்தபின்போ பனிக்குடம் உடைந்தபின்போ நடக்கும் சிசேரியனுக்குப் பல இடங்களில் அசித்ரோமைசின் 500 மி.கி.யும் ட்ரிப்பில் சேர்ப்பார்கள். ரத்தப்போக்கு 1500 மில்லியைத் தாண்டினாலோ அறுவை 4 மணி நேரத்துக்கு மேல் நீண்டாலோ செஃபசோலின் இன்னொரு டோஸ்.

தொற்று இல்லாதவருக்கு அதோடு முடிந்தது. தையல் பிரிக்கும் வரை மாத்திரை என்பது பாதுகாப்பு அல்ல, பழக்கம்.

10. வேறு எங்கே உண்டு, எங்கே இல்லை

ஆயுதம் (ஃபோர்செப்ஸ், வேக்யூம்) வைத்து எடுத்த பிரசவம், மலவாய்த் தசை வரை போன கிழிசல், கைவிட்டு நஞ்சுக்கொடி எடுத்தது: இவற்றுக்குத் தடுப்பு டோஸ் உண்டு. சாதாரண சுகப்பிரசவத்துக்கும், சாதாரணமாக வெட்டித் தைத்ததற்கும் வழக்கமாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பனிநீரில் குழந்தையின் மலம் கலந்திருந்தது என்பது மட்டும் காரணமாகாது.

11. பிரசவத்துக்குப் பிறகு செப்சிஸ்: முதல் ஒரு மணி நேரம்

பிரசவமான தாய்க்கு மூச்சு வேகத்தை எண்ணுங்கள். எல்லா சார்ட்டிலும் 18, 18, 20 என்று எண்ணாமல் எழுதப்படுவது இந்த ஒன்றுதான், செப்சிஸில் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் ஆபத்தான நிலை) சீக்கிரம் மாறுவதும் இதுதான். நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டது, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தால் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். காய்ச்சல் இல்லாமலும், உடல் சில்லென்று இருந்தும் செப்சிஸ் வரலாம்.

வரிசை இது. ட்ரிப் லைன், ரத்தக் கல்ச்சர் இரண்டு செட், லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதுமா என்று காட்டும் ரத்தச் சோதனை), நரம்பு வழி ஆன்டிபயாடிக், திரவம், சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு எவ்வளவு என்று கணக்கு. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். கல்ச்சர் முதலில் என்று சொன்னேன், ஆனால் நரம்பு கிடைக்காமல் அரை மணி நேரம் குத்திக்கொண்டிருந்தால் கல்ச்சரை விட்டுவிட்டு மருந்தைப் போடுங்கள். ரத்த அழுத்தம் கூடிய கர்ப்பமாக இருந்திருந்தால் திரவத்தைக் கண்மூடித்தனமாக ஓடவிட வேண்டாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம் இடத்தைத் தேடுங்கள்: கர்ப்பப்பை, தையல், சிறுநீர், மார்பகம், நுரையீரல். உள்ளே நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருந்தால் எந்த மருந்தும் காய்ச்சலை இறக்காது, அதை எடுத்தாக வேண்டும். தையலைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வலி மட்டும் தாங்கவில்லை என்று அழுகிறாரா? வீட்டில் யாருக்காவது தொண்டை வலி இருந்ததா என்று கேளுங்கள். குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அப்படித்தான் வரும், சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும், நாற்றம்கூட இருக்காது.

12. 48 மணி நேரத்தில் திரும்பிப் பாருங்கள்

கல்ச்சர் அனுப்புவது எல்லோருக்கும் நினைவிருக்கும், ரிப்போர்ட் வாங்குவது யாருக்கும் நினைவிருக்காது. ஒருமுறை ரிப்போர்ட் இரண்டு நாளாக லேபிலேயே கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படவே இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது, இங்கே நாங்கள் காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து கல்ச்சர் அனுப்பினால் சார்ட்டின் மேல் ஓரத்தில் 'ரிப்போர்ட் எதிர்பார்ப்பது' என்று தேதியோடு எழுதுகிறேன்.

48 மணி நேரத்தில் கேட்பது: காய்ச்சல் இறங்கியதா, எந்தக் கிருமி, இதைவிடக் குறுகிய வீச்சுள்ள (குறைவான வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும்) மருந்து போதுமா, மாத்திரைக்கு மாற்றலாமா, நிறுத்தலாமா? பிரசவத்துக்குப் பிந்தைய சாதாரணக் கர்ப்பப்பைத் தொற்றில், ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்றால், காய்ச்சல் நின்று ஒன்று இரண்டு நாள் ஆனதும் நரம்பு மருந்தை நிறுத்தலாம், மேற்கொண்டு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. சரியான மருந்து போயும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள், சீழ்க்கட்டி, தங்கிய நஞ்சுக்கொடி, இடுப்பு ரத்த நாளத்தில் ரத்த உறைவு என்று தேட வேண்டும்.

13. வீட்டுக்கு அனுப்பும்போது

மாத்திரை இருந்தால் கடைசி வேளை எந்தத் தேதி, எந்த நேரம் என்று சீட்டில் எழுதிக்கொடுங்கள். '5 நாள்' என்று எழுதினால் இன்றைக்குச் சேர்த்தா சேர்க்காமலா என்று வீட்டில் விவாதம் நடக்கும். வழக்கமாகக் கொடுக்கும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை, குழந்தைக்குக் கொஞ்சம் இளகிப் போகலாம், வாயில் வெள்ளை படியலாம், அவ்வளவுதான். மார்பு கட்டிக்கொண்டு சிவந்து வலித்தாலும் பால் கொடுப்பதை விடக் கூடாது, பால் தேங்கினால் சீழ் பிடிக்கும்.

திரும்பி வர வேண்டிய அறிகுறிகளைத் தாயிடம் மட்டும் சொல்லாமல் கூட இருப்பவரிடமும் சொல்லுங்கள்: 38 டிகிரி காய்ச்சல், நடுக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நாற்றமான போக்கு, தையலில் நீர் அல்லது பிளவு, மூச்சு வாங்குவது, பேச்சில் தெளிவின்மை. கடைசி இரண்டும் வந்தால் தாயால் தானே கூப்பிட முடியாது, கூட இருப்பவர்தான் கூப்பிட வேண்டும். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.